இடம் போதவில்லை

மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அது தட்டியது.

ஸ்டினா கம்ப்யூட்டர் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் படுக்கவைத்து, பக்கத்து மூடியைக் கழற்றி, கிட்டத்தட்ட தலையையே உள்ளே விட்டிருந்தாள். புது ஹார்ட் டிஸ்க்கைக் கீழ்த்தட்டில் தள்ளித் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது கடைசித் திருகு விரலிலிருந்து நழுவி எங்கோ அடியில் உருண்டு போனது. அதைத் திட்டிக்கொண்டே துழாவியபோதுதான் அந்தச் சத்தம் காதோரத்தில், இரும்புக்குள்ளிருந்து வருவதைப்போல், கேட்டது. டொக். டொக். டொக். பிறகு ஒன்றுமில்லை.

டிஸ்க்கின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். வெளிக்குளிரில் தூக்கி வந்தது, இன்னும் சில்லென்றிருந்தது. கேபிள் இரண்டும் மேசையில்தான் கிடந்தன. தட்டுகிற டிஸ்க் சாகப்போகிற டிஸ்க் என்பது கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முதலில் உயிர் கொடுக்க வேண்டுமே.

"ஆரம்பிச்சிட்டியா, சனியனே," என்று சொல்லிவிட்டு அவள் கேபிளைச் செருகினாள்.

வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிதான். வெளியே இருட்டிவிட்டது. ஸ்வீடனின் வடக்கே, நூர்லாந்துக் கடற்கரையில் நவம்பர் முடிவில் பகல் என்பது யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்துவதைப்போல்தான். எதிர்க் கட்டடத்துச் சன்னல்களில் காகித நட்சத்திர விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. ஞாயிறு முதல் அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கான நாலு வாரக் காத்திருப்பின் தொடக்கம்.

கம்ப்யூட்டர் எழுந்தது. புது டிஸ்க்கைக் கண்டுகொண்டது. ஃபார்மட் செய்து, பெயர் கேட்டபோது 'ஜிம்மி' என்று அடித்தாள். அவளுடைய தம்பியின் பெயர். திரையின் மூலையில் பல வாரங்களாக அசையாமல் நின்ற அறிவிப்பு இன்னும் அங்கேயே இருந்தது.

ஒரு கோப்பு காத்திருக்கிறது. இடம் போதவில்லை.

ஜிம்மியின் மலிவுப் போன் எப்போதும் நிரம்பி வழியும். அதனால் அவன் எடுக்கும் வீடியோவெல்லாம் இணையத்துக்கு ஏறி, அங்கிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்குத் தானாக இறங்கும்படி ஸ்டினாதான் செய்துவைத்திருந்தாள். நாய், மூஸ் மான், பனி ஸ்கூட்டரில் விழுந்த நண்பன் என்று கண்டதையும் அனுப்புவான். கோடை முடிந்த பிறகு மர அறுவை ஆலையிலிருந்தும் வரத் தொடங்கின. கழற்றி வைத்த தடுப்புக் கம்பிகள், கட்டிப் போட்ட அவசர நிறுத்தக் கயிறுகள். "ஏய் பட்டதாரி, இதையும் பத்திரமா வை," என்பான். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். அந்த ஊரில் அது பட்டமாகவும் இருந்தது, வசவாகவும் இருந்தது.

கடைசியாக ஒரு வீடியோ இறங்கவில்லை. அவன் செத்த நாளில் எடுத்தது.

இணையத்தில் வைத்தே பார்க்கலாமென்றால், இவ்வளவு பெரிய கோப்பைக் காட்ட முடியாது, இறக்கிக்கொள் என்றது. இறக்க இடமில்லை. தன் ஆய்வேட்டை, தன் படங்களை, தன்னுடையது எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தாள். போதவில்லை. மீதி இருந்ததெல்லாம் ஜிம்மி. அதில் ஒரு நாய் வீடியோவைக்கூட அழிக்க மாட்டாள்.

ஆலை சொன்னது இது: விதியை மீறி அவனாகவே மரத்தூள் தொட்டிமேல் ஏறினான், விழுந்தான், அந்த நொடியே இறந்தான், வலி தெரிந்திருக்காது. சுத்தமான கம்பளிச் சட்டை போட்ட இரண்டு பேர் அம்மாவின் வீட்டுக்கு இலவங்கப்பட்டை ரொட்டிப் பெட்டியோடு வந்து இதைச் சொன்னார்கள். அந்த ஆலை அலுவலகத்தின் கழிவறைகளைத் தன் இளமை முழுக்கக் கழுவிய அம்மா, அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து நன்றியும் சொன்னாள். அந்த நன்றியை நினைத்தால் ஸ்டினாவுக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றியது. திங்கட்கிழமை விசாரணை. அந்த வீடியோ இல்லாவிட்டால் 'அவனாகவே' என்ற சொல் அவன் கல்லறையில் உட்கார்ந்துகொள்ளும்.

கோப்பு இறங்கத் தொடங்கியது. பழைய கட்டடம், பழைய இணைப்பு. பச்சைக் கோடு நத்தைபோல நகர்ந்தது.

டொக். டொக். டொக்.

அம்மா போனில் அழைத்தாள். "சாப்ட்டியாடி?"

"சாப்ட்டேன். டிஸ்க் மாட்டிட்டேம்மா. இறங்குது."

"எதுக்குடி இதெல்லாம். அவங்கதான் வலி தெரியலன்னாங்களே. அத அப்படியே வச்சுக்கலாமே."

"அவங்க சொன்னா? உனக்கு எப்பவும் அவங்க சொன்னாத்தான் வேதம்."

அம்மா பேச்சை மாற்றினாள். "என்ன அங்க சத்தம்? யாரு தட்டுறா?"

"புது டிஸ்க். ஓட்ட சரக்க தலைல கட்டிட்டானுங்க."

சனிக்கிழமை முழுக்கத் தட்டல் நிற்கவில்லை. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. குளிக்கும்போது ஷவர் சத்தத்துக்குள்ளும், காப்பி இறங்கும்போது அந்தக் குமிழிச் சத்தத்துக்குள்ளும், தலையணையை இரு காதிலும் அமுக்கினால் தலையணைக்குள்ளும் அது கேட்டது. எரிச்சல் ஏற ஏற அது வீட்டுக்குள் எல்லாப் பொருளிலும் குடியேறிவிட்டதாகத் தோன்றியது. கோப்பு கெட்டுவிடுமோ என்ற பயத்தில், நடுவில் நிறுத்தி, டிஸ்க்கின் கேபிள்களைப் பிடுங்கினாள்.

டொக். டொக். டொக்.

மேசை ஒட்டியிருந்த சுவரோடு, வீட்டைச் சூடாக்கும் கணப்புக் குழாய் ஓடியது. அதில் கை வைத்தாள். விரல் நுனியில் அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஹில்டிங் என்ற கிழவர் தனியாக இருந்தார். வருடக்கணக்காகப் பக்கத்து வீடு. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையை அசைப்பார்கள், அவ்வளவுதான்.

அவளுக்கு வந்த கோபம் ஆலையின் மேலிருந்ததா, கம்பளிச் சட்டைகள் மேலிருந்ததா, அம்மா மேலிருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தரை துடைக்கும் கட்டையை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள்.

"போதும்! நிறுத்து! மனுஷி இருக்கேன் இங்க!"

அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. பிறகு தட்டல் வேகமாக, தாறுமாறாக, ஆவேசத்தோடு வந்தது. கிண்டல் செய்கிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கதவைத் தட்டிப் பேசலாம். அந்த ஊரில் யாரும் அதைச் செய்வதில்லை. அங்கே கோபத்துக்கென்று ஒரு வழி இருந்தது, எல்லோரும் அதன்படிதான் நடந்தார்கள். ஸ்டினா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

'குழாயைத் தட்டுகிறவருக்கு: இது தொழிற்சாலை அல்ல. மற்றவர்களும் வாழ்கிறார்கள். தயவுசெய்து கவனத்தில் கொள்ளவும். அன்புடன், ஓர் அயலார்.'

வெளியே வந்தபோது ஹில்டிங்கின் கதவோரத் தாங்கியில் மூன்று நாலு செய்தித்தாள்கள் சுருண்டு கிடந்தன. ஊருக்குப் போயிருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. ஊருக்குப் போனவர் எப்படித் தட்டுவார் என்ற அடுத்த நினைப்பு வருவதற்குள் கீழே இறங்கிவிட்டாள். வாசல் பலகையில் தாளை வைத்து டேப்பைச் சர்ரென்று கிழித்து, நாலு மூலையும் ஒட்டினாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ரோலண்ட் சலவை அறையிலிருந்து மடித்த போர்வைகளோடு வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர், அதனாலேயே அவளுக்குப் பிடிக்காதவர்.

"நல்லா எழுதியிருக்கீங்க. படிச்சவங்க எழுதினா அது தனிதான்," என்றார்.

"உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது. நான் உங்க கம்ப்யூட்டர்னு நெனச்சேன். எதோ புதுசா மாட்டுனீங்களாமே?"

"ஆமா, அதுவும் தட்டுது."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவர் லிஃப்ட்டுக்குப் போனார்.

மாலையில் பார்த்தபோது தாளில் யாரோ 'நன்றி!' என்றெழுதி ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார்கள். இன்னொருவர் 'சலவை அறை வடிகட்டியையும் சுத்தம் செய்தால் நல்லது' என்று சேர்த்திருந்தார். ஸ்டினாவுக்கே சிரிப்பு வந்தது. மேலே வந்து கேபிள்களைச் செருகிக் கோப்பை மறுபடி இறங்கவிட்டாள்.

அன்றிரவு தட்டல் மெலிந்தது. மூன்று, இரண்டாயிற்று. இடைவெளி நீண்டது. ஞாயிறு விடிவதற்குள் நின்றே போனது. ஒரு தாளுக்கு இவ்வளவு சக்தியா என்று அவள் திருப்தியோடு இரண்டாவது காப்பியை ஊற்றினாள். பனிமேல் எல்லாச் சன்னல்களின் நட்சத்திர வெளிச்சமும் விழுந்திருந்தது. தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதல் அட்வென்ட்டுக்கு முந்தைய நாளே ஏழு மெழுகுத் தண்டு விளக்கை வைத்துவிடும் ஹில்டிங்கின் சன்னல் மட்டும் இருட்டாக இருந்தது.

மூன்று மணிக்குப் பச்சைக் கோடு முடிவைத் தொட்டது.

ஜிம்மியின் முகம். உதட்டுக்கு அடியில் ஸ்னூஸ் புகையிலை உப்பியிருந்தது, தாடியில் மரத்தூள். "ஏய் பட்டதாரி, இங்க பாரு. வேலி எங்க? கழட்டிட்டானுங்க. இருந்தா வேல லேட்டாகுதாம். மேல ஏறி அடைப்ப எடுன்னு அனுப்பியிருக்கானுங்க. ஏறிட்டேன் பாரு, ராஜா மாதிரி." சிரித்தான். காலுக்கடியில் பலகை அசைந்தது. படம் சுழன்றது. மணல் சரிவதைப்போல நீண்ட ஓசை. பிறகு கறுப்பு.

அனுப்பியிருக்கிறார்கள். அவனாகவே ஏறவில்லை. அவள் மேசையைக் கையால் குத்தினாள். கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் உங்களை.

ஆனால் வீடியோ நிற்கவில்லை. கறுப்பு ஓடிக்கொண்டேயிருந்தது. கறுப்புக்குள் ஓர் இருமல்.

பிறகு, இரும்புச் சுவரில்: டொக். டொக். டொக்.

ஸ்டினாவின் கை மேசையிலேயே இருந்தது.

வெளியே, தடித்த இரும்புக்கு அப்பாலிருந்து குரல்கள். "என்னடா சத்தம் அது, தொட்டில?"

"பேரிங் போயிருக்கும்."

"நிறுத்திப் பாத்துடலாமா?"

"நிறுத்தினா யாரு பதில் சொல்றது, நீயா? பலகைல நோட் ஒட்டிடு. காலைல ஃபிட்டர் வந்து பாப்பான்."

பிறகு ஒரு சின்ன ஓசை. சர்ரென்று. டேப் கிழிபடும் ஓசை.

அவள் எழுந்தாள். நாற்காலி விழுந்தது. படியோரத்தில் செய்தித்தாள்கள் இப்போது தரையில் சரிந்து கிடந்தன. ஹில்டிங்கின் கதவை முதல்முறையாகத் தட்டினாள். மூன்று முறை. தன் கையும் அதே தாளத்தில்தான் தட்டியது. குனிந்து தபால் துளையின் மூடியைத் தள்ளினாள். உள்ளிருந்து வந்த நாற்றம் முகத்தில் அறைந்தது.

அவள் போனில் அழைத்த தீயணைப்பு ஆட்கள் பூட்டை உடைத்தார்கள். குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், குழாயை நோக்கிக் கையை நீட்டியபடி அவர் கிடந்தார். கையில் ஷூ மாட்டும் நீள இரும்புக் கரண்டி. குழாயில் அது பட்ட இடத்தில் வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்து ஒரு குழியே விழுந்திருந்தது.

"இடுப்பு போயிருக்கு," என்றான் தீயணைப்பு ஆள், ஹெல்மெட்டைக் கழற்றியபடி. "ரெண்டு மூணு நாள் தாங்கியிருப்பாரு. நேத்து ராத்திரிதான் போயிருக்கணும். யாருக்கும் எதுவும் கேக்கலையா?"

மாடிப்படி முழுக்கக் குடியிருப்பவர்கள் நின்றிருந்தார்கள். ரோலண்ட் தொண்டையைச் செருமினார். "அவரு தனிமைய விரும்புறவரு. நாங்க யாரும் தொந்தரவு பண்றதில்ல."

"உங்க காதுல விழுந்துச்சில்ல?" ஸ்டினா அவர் பக்கம் திரும்பினாள். "விழுந்துச்சா இல்லையா?"

"உங்க கம்ப்யூட்டர்னு நீங்கதானே சொன்னீங்க," என்றார் ரோலண்ட், மிகவும் மென்மையாக.

கீழே போய்த் தாளைக் கிழித்தெறிய நினைத்தாள். யாரோ அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். நாலு மூலை டேப் மட்டும் பலகையில் ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து பூட்டினாள். ஒன்றாவது செய்யலாம். வீடியோவை இப்போதே தொழிற்சங்க வக்கீலுக்கு அனுப்பிவிட வேண்டும். கோப்பை இழுத்து அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

இடம் போதவில்லை.

வக்கீலிடம் இடமில்லை என்று அது சொல்லவில்லை. 'ஜிம்மி' டிஸ்க்தான் நிரம்பிவிட்டது. இறங்கி முடிந்த கோப்பு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டில் பச்சை மரத்தூளின் வாசனை அடித்தது. அப்போதுதான் அறுத்த பைன் மரத்தின் ஈரமும் பிசினும் கலந்த, ஜிம்மியின் சட்டையைத் துவைக்கும்போது வருகிற அதே வாசனை.

வீடியோவின் கோட்டைப் பிடித்து நடுவுக்கு இழுத்தாள். கறுப்பு. டொக். டொக். டொக். இன்னும் தள்ளினாள். தட்டல். இன்னும். தட்டல், மெதுவாக. வலி தெரிந்திருக்காதாம். கடைசிவரை இழுத்துவிட்டாள்.

கறுப்பு. மூன்று தட்டு. பிறகு இரும்புக்கு வெளியிலிருந்து கட்டையால் ஓங்கி அடிக்கிற சத்தம். ஒரு பெண்ணின் குரல்.

"போதும்! நிறுத்து! மனுஷி இருக்கேன் இங்க!"

அவள் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை செத்தது. பெட்டியைத் திறந்து டிஸ்க்கை உருவி எடுத்தாள், திருகுகள் தரையில் சிதறின. கையில் அது சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

டொக்.

உள்ளங்கையில்.

டொக். டொக்.

"ஜிம்மி?" என்றாள். விரல் கணுவால் அதை மூன்று முறை தட்டினாள். நான் கேட்கிறேன், நான் இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், பிணத்தை எடுத்துச் சென்றுவிட்ட வீட்டிலிருந்து, குழாய் பதில் சொன்னது.

டிஸ்க் கீழே விழுந்தது. கதவுக்கு ஓடினாள். பூட்டு திரும்பியது. கதவு திறக்கவில்லை. தோளால் மோதினாள். அந்தப் பக்கம் ஏதோ கனமாக, மெத்தென்று, சாய்ந்திருந்தது. கதவுக்கு அடியிலிருந்து மரத்தூள் வந்தது. மெல்ல. சரசரவென்று. அவள் கால்விரல்களை மூடியது. கத்த வாயைத் திறந்தாள். தொண்டை முழுக்கத் தூள். இருமல் மட்டும் வந்தது. ஓர் இருமல். அதே இருமல்.

விளக்கு அணைந்தது.

கணுக்கால். முழங்கால். போன் எங்கோ தூளுக்கடியில் ஒலித்து ஓய்ந்தது. அம்மாவாக இருக்கும், சாப்பிட்டாயா என்று கேட்க. இருட்டில் சுவரைத் தடவினாள். செருப்பு வைக்கும் இடத்தில் கொக்கி. கொக்கியில் நீள இரும்புக் கரண்டி. குழாயைக் கண்டுபிடித்தாள்.

டொக். டொக். டொக்.

வெளியே காலடிகள். வந்தன. நின்றன. கடவுளே, நின்றன. இன்னும் வேகமாக, தாறுமாறாக, கை மரத்துப்போகும்வரை தட்டினாள்.

"கேக்குதா? மறுபடியும்," என்றது ஒரு பெண்குரல். "உள்ள போய் ஒரு வார்த்த கேக்கலாமா?"

"பாவம், தம்பி போனதுலேந்து அவங்க சரியில்ல," என்றது ரோலண்டின் மென்மையான குரல். "அந்தக் கம்ப்யூட்டர்தான். எதுக்குத் தொந்தரவு."

தூள் இடுப்புக்கு வந்திருந்தது. குனிந்து, விரலை நீட்டி, தபால் துளையின் மூடியை உள்ளிருந்து ஒரு கீற்றளவு தள்ளினாள். மாடிப்படி வெளிச்சம். சன்னலில் காகித நட்சத்திரம். அவள் கதவுக்கு நேர் எதிரே ஒரு சுத்தமான கை, வெள்ளைத் தாள் ஒன்றை அந்தச் சன்னல் கண்ணாடியில் வைத்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டுக்கொண்டிருந்தது.

சர்ரென்று டேப் கிழிந்தது.

ஒரு மூலை. அடுத்த மூலை.